ரோஸ் நிறப் பொடிக்கு ஏன் அளவே இல்லை?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழகத்திலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. ஆய்வகத்துக்குப் போன மாதிரிகளில் ரோடமின்-பி இருந்ததுதான் காரணம். துணிச்சாயத்துக்கும் ஊதுவத்திக்கும் பயன்படும் பொடி அது. மார்ச்சில் கர்நாடகமும் செயற்கை நிறம் சேர்த்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. புற்றுநோய் என்ற சொல் செய்திகளில் அடிபட்டதும், திருவிழாவிலும் கடற்கரையிலும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்திருந்த பெற்றோர் பதறிப்போனார்கள்.

அந்தச் சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின்-பியை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா, தராதா என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாதவற்றுக்கான பிரிவு அது. எலிகளின் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தியபோது கட்டிகள் தோன்றியது உண்மைதான். ஆனால், எப்போதோ ஒரு முறை பஞ்சு மிட்டாய் தின்ற பிள்ளைக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது. பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பிறகு தடை எதற்கு? ஒரு பொருளை உணவில் சேர்க்கலாம் என்று சொல்ல, இவ்வளவு வரை தின்றால் கேடில்லை என்ற கணக்கு வேண்டும். ரோடமின்-பிக்கு அந்தக் கணக்கே இல்லை. கேடு நிரூபிக்கப்படும் வரை பொறுத்திருப்பது உணவு விஷயத்தில் சரிவராது; பாதுகாப்பானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு பொருளைச் சேர்ப்பவருடையது.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1956 முதல் இந்தக் கணக்கைப் போட்டுவருகிறது. விலங்குகளுக்கு ஒரு பொருளைப் பல அளவுகளில் நீண்ட காலம் கொடுத்து, எந்தப் பாதிப்பும் தெரியாத உச்ச அளவைக் கண்டறிவார்கள். வழக்கமாக அதை நூறால் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு பத்து. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து. கிடைக்கும் எண்தான், வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் கேடில்லை என்று கருதப்படும் அளவு.

இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றில் ஒன்றான டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது அந்தக் குழு. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 150 மில்லிகிராம். ஒரு கிலோ தின்பண்டத்தில் 100 மில்லிகிராம் நிறம் இருந்தால், அந்தப் பிள்ளை தினமும் ஒன்றரைக் கிலோ தின்றால்தான் அந்த எல்லையைத் தொடும். எரித்ரோசின் என்ற சிவப்பு நிறத்தில் நிலைமை வேறு. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் அதற்கு எல்லை. அதே பிள்ளைக்கு, அதே 100 மில்லிகிராம் கலந்த பண்டத்தில் வெறும் 15 கிராம் போதும். ஒரு கைப்பிடி கூட இல்லை.

ஆகவே அனுமதிக்கப்பட்ட நிறம் என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிட முடியாது. யார், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை தின்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், டார்ட்ரசின், எரித்ரோசின் போன்ற நிறங்களைச் சிலர் ஏற்கத்தக்க அளவுக்கு மேலேயே உட்கொண்டது தெரியவந்தது. பெரியவர் தின்னும் அதே மிட்டாய்தான் பிள்ளையும் தின்கிறது. உடல் எடை மட்டும் நாலில் ஒரு பங்கு. சட்டம் அளவு வைப்பதோடு நிற்காமல், எந்தெந்தப் பண்டத்தில் நிறம் சேர்க்கலாம் என்றும் வரையறுப்பது இதனால்தான். சிக்கன் 65-க்கும் பிரியாணிக்கும் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே இல்லை.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொது சுகாதாரம் கருதி ஒரு பண்டத்தை மாநில ஆணையர் அதிகபட்சம் ஓராண்டுக்குத் தடை செய்யலாம். அவசரத்துக்கு உதவும் அதிகாரம் அது. ஆனால், தடையின் பாரம் மூங்கில் கழியில் பொட்டலங்களைக் கட்டித் தோளில் சுமந்து விற்கும் மனிதர் மீதே முதலில் விழுகிறது. பெயரில்லாத பொட்டலத்தில் கலர் பொடி வாங்கியவருக்கு, அது துணிக்கானதா, வாய்க்கானதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரில் கரைத்தால் இரண்டும் ரோஸ்தான். சாயப் பொடி மலிவு, நிறமும் தூக்கல்.

அதிகாரிகள் சோதனையைத் தெருவோடு நிறுத்தாமல், பொடி விற்கும் மொத்தக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பேன். உணவு நிறம் என்று விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் நிறத்தின் பெயரும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று அங்கேதான் கேட்க முடியும். பஞ்சு மிட்டாய் விற்பவருக்கும் அனுமதிக்கப்பட்ட அந்த எட்டு நிறங்களின் பெயர்களைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். நிறமே சேர்க்காத வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே இனிப்புதான்.