புதிய காரின் பம்பரில் கீறல்

பிழைப்பின் பொருட்டுக் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் வாழும் தமிழ் மக்களுள் பலர், பல்லாண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துப் புதிய கார் ஒன்றை வாங்குகின்றனர். அக்காரில் அவர்கள் மேற்கொள்ளும் முதல் நெடும்பயணம் பெரும்பாலும் சொந்த ஊரை நோக்கியதாகவே இருக்கும். இடுக்கி மலைநாட்டிலிருந்து தேனி மாவட்டத்துக்கு இறங்கும் வழிகளுள் போடிமெட்டு ஒன்று. ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் அமைந்துள்ள இவ்வெல்லையூருக்கு மூணாற்றிலிருந்து வரும் சாலை அகலப்படுத்தப்பட்டு, 2024-ஆம் ஆண்டு சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும், இங்கிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் பகுதியில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். புதிய கார்களின் பம்பரில் முதற்கீறல் விழுவது இத்தகைய வளைவுகளிலேதான்.

இதற்குக் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்பொழுது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே செல்வதில்லை. உட்புறமாக ஒதுங்கி உருளும். முன்சக்கரங்களுக்கு அப்பால் நீண்டு நிற்கும் பம்பரின் வெளிமூலையோ, சக்கரத் தடத்தையும் தாண்டி வெளியே வீசிச் செல்லும். புதிய வண்டியின் அளவு கைக்குப் பழகாத நிலையில், எதிரே ஏலத்தோட்டத்து ஜீப்பு ஒன்று ஏறி வந்தால், ஒதுங்கும் அவசரத்தில் பம்பர் கைப்பிடிச் சுவரை உரசிவிடும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டியே இடம் விட வேண்டும் என்பது விதி. ஆதலின், வளைவுக்கு முன்னரே நின்று வழிவிடுதல் நன்று.

கீறல் விழுந்துவிட்டால் முதலில் அறிய வேண்டியது ஒன்று. அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் பம்பர் என்பது குரோமியம் பூசிய எஃகுத் தகடாக இருந்தது. இன்றைய கார்களிலோ அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்காகவே உள்ளது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. எனவே பம்பரில் விழுந்த கீறலுக்காக அன்றே பட்டறையைத் தேடி ஓட வேண்டுவதில்லை. அதே கீறல் கதவிலோ சக்கரத்தின் மேற்புறத் தகட்டிலோ விழுந்து, இரும்பு வெளியே தெரியுமாயின், அதனைக் காலந்தாழ்த்தாது மூட வேண்டும். மழைநாளில் அங்குத் துரு விரைந்து பரவும்.

பம்பரின் மேல் மூன்று பூச்சுகள் உள்ளன. பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்ளும் பிரைமர் அடியிலும், நிறம் தரும் பூச்சு நடுவிலும், பளபளப்பையும் காப்பையும் தரும் நிறமற்ற பூச்சு மேலேயும் அமைந்திருக்கும். கீறல் எந்தப் பூச்சுவரை சென்றது என்பதைப் பொறுத்தே மருந்து அமையும்.

அதனைக் கண்டறிவது எளிது. முதலில் அவ்விடத்தை நீராலும் கார் ஷாம்பூவாலும் கழுவுக. பல வேளைகளில் நாம் கீறல் என எண்ணுவது, சுவரின் வெள்ளையோ கறுப்போ பம்பரின்மேல் ஒட்டிக்கொண்டதாகவே இருக்கும். பின்னர்க் கீறலின்மேல் நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரமாய் இருக்கும்வரை கீறல் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றினால், மேற்பூச்சு மட்டுமே தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். விரல்நகத்தை மெல்ல ஓட்டும்பொழுது நகம் தடுக்குமாயின் கீறல் ஆழமானது. கறுப்போ சாம்பல் நிறமோ வெளியே தெரிந்தால் அது பிளாஸ்டிக்கையோ பிரைமரையோ எட்டிவிட்டது.

ஒட்டிய கறையையும் மேற்பூச்சுக் கீறலையும் ரப்பிங் காம்பவுண்டு கொண்டு, மெல்லிய துணியால் மென்மையாகத் தேய்த்தே போக்கலாம். மேற்பூச்சு தலைமயிரின் பருமனையொத்த மென்படலமே. ஆதலின் அளவுக்கு மிஞ்சித் தேய்த்தல் கூடாது. ஆழ்ந்த கீறலுக்கு டச்-அப் பெயிண்டு வேண்டும். கதவுச் சட்டத்திலோ பானெட்டின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள சீட்டில் நிறத்தின் குறியெண் பெரும்பாலும் காணப்படும். அந்த எண்ணைச் சொல்லியே பெயிண்டு வாங்க வேண்டும்; கண்ணால் நிறம் பார்த்து வாங்கினால் பொருந்தாது. பிளாஸ்டிக் வெளிப்பட்ட இடத்தில் பிளாஸ்டிக்குக்குரிய பிரைமரை முதலில் இடாவிடில், பூசிய நிறம் சில மாதங்களில் உரிந்துவிடும். உள்ளங்கையினும் பெரிய கீறலையும், மெட்டாலிக் நிறங்களையும் தேர்ந்த பெயிண்டரிடம் விடுவதே முறை.

தின்னர் கொண்டு துடைத்தல் தீது. அது நல்ல பூச்சையும் இளக்கிவிடும். தேங்காயெண்ணெய் தடவினால் கீறல் மறைந்ததுபோல் தோன்றும். அடுத்த கழுவலில் மீண்டும் வெளிப்படும். மலையுச்சியின் மூடுபனியிலும் ஈரக்காற்றிலும் பெயிண்டு பூசினால், மேற்பூச்சு பால்போல் வெளுத்துவிடக்கூடும். ஆதலின் இறங்கிவந்து, உலர்ந்த நாளில், நிழலில் செய்க.

இனி, பணத்தைப் பற்றிய ஒன்று. கீறலைக் கண்டவுடன் இன்சூரன்சில் இழப்பீடு கோருவது பலரது வழக்கம். இழப்பீடு கோராதவர்க்கு மறுஆண்டு சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. கோராமலே ஆண்டுகள் தொடர்ந்தால் அது 25, 35, 45 என உயர்ந்து 50 விழுக்காட்டை எட்டும். ஒருமுறை கோரினால் இச்சலுகை பொதுவாக முற்றும் போய்விடும். பம்பருக்குப் பெயிண்டு அடிக்க 4,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். 1,500 சி.சி.க்கு மேற்படாத காரில் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக, மிகுதியாகக் கிடைப்பது 3,000 ரூபாயே. மறுஆண்டுச் சொந்தச் சேதப் பிரீமியம் 14,000 ரூபாயாயின், இழக்கும் தள்ளுபடி 2,800 ரூபாய். மிஞ்சுவது 200 ரூபாய். அத்துடன் சலுகை ஏணியில் மறுபடியும் அடிப்படியிலிருந்து ஏற வேண்டும். பம்பரையே மாற்றினாலோ, தேய்மானக் கழிவின்மைக்குத் தனியே பணம் கட்டாதவர்க்குப் பிளாஸ்டிக் உறுப்பின் விலையில் பாதி பிடிக்கப்படும்.

எனினும், எல்லாக் கீறலையும் அற்பமெனத் தள்ளிவிடலாகாது. பம்பர் ஒருபுறம் தொங்கினாலும், விளக்கோடு சேருமிடத்தில் புதிய இடைவெளி தோன்றினாலும், பின்னோக்கும் சென்சார் பொய்யாக ஒலித்தாலும், உள்ளிருக்கும் தாங்கிகள் உடைந்திருக்கலாம். அந்நிலையில் படம் எடுத்து, பழுது பார்ப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். பழுது பார்த்தபின் கோரினால் மறுக்கப்படலாம்.

உழைத்துத் தேடிய பொருளில் விழுந்த முதற்கீறல் மனத்தை வருத்துவது இயல்பே. ஆனால் மோதலின் விசையைத் தான் ஏற்று வண்டியைக் காப்பதற்கென்றே பம்பர் அமைந்துள்ளது. எனவே, கழுவிப் பார்த்து, ஆழம் அறிந்து, கணக்கும் பார்த்த பின்னரே பணத்தை வெளியே எடுப்போமாக.