பாதி வழியில் நிற்கும் பட்டப்படிப்பு

நாற்றுமேடையில் செழித்து நின்ற மிளகாய்க் கன்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நட்டதும், இரண்டு மூன்று நாட்களுக்கு அது தலை தொங்கி நிற்கும். அதைக் கண்டு கன்று பழுது என்று எந்தக் கமக்காரரும் சொல்வதில்லை. வெயில் தணிந்த பின்னேரத்தில் நட்டு, குழை குத்தி நிழல் கொடுத்து, தண்ணீர் ஊற்றி நிமிர்த்தி எடுக்கின்றார். ஆனால் ஒரு கல்விக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிள்ளை முதல் தவணையில் வாடி நின்றால், "இதற்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிடுகின்றோம். பள்ளிக்கூடம் மாறி மாறிப் பிள்ளைகளைப் படிப்பித்த உங்களுக்கு இதனை நாம் விளக்கத் தேவையில்லை.

இடையில் இடம் மாறிப் பட்டம் பெறுவதற்கென்றே ஒரு பாதையை நூறு வருடங்களுக்கு மேலாக வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அந்தப் பாதையில் பிள்ளைகள் எவ்விடத்தில் விழுகின்றார்கள், எப்படிக் கைகொடுத்தபோது எழுந்தார்கள் என்பதை இம்முறை சற்று விரிவாகப் பார்ப்போம்.

அங்கே சமூகக் கல்லூரி என்பது இரண்டு வருடக் கல்லூரி. 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் தொடங்கிய கல்லூரியே, இன்றும் இயங்குகின்ற இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் மிகப் பழையது. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம், போட்டிப் பரீட்சை இல்லாமல் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும். இளமாணிப் பட்டத்துக்கு வழக்கமாக 120 பாட அலகுகள் வேண்டும். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று அலகு. முதல் 60 அலகுகளைச் சமூகக் கல்லூரியில் முடித்துவிட்டு, மிகுதி 60 ஐப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்பதே ஏற்பாடு. 1960 இல் கலிபோர்ணியா மாநிலம் தனது உயர்கல்விப் பெருந்திட்டத்தை இதன்மேல்தான் கட்டியெழுப்பியது. கடதாசியில் பார்த்தால் இதைவிட நியாயமான திட்டம் ஒன்றைக் காண்பது கடினம்.

ஆனால் நடப்பது வேறு. சமூகக் கல்லூரியில் சேருகின்ற மாணவருள் நூற்றுக்கு எண்பது பேரளவில் இளமாணிப் பட்டமே தமது நோக்கம் என்கின்றனர். 2015 இல் சேர்ந்தவர்களை ஆறு வருடங்கள் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தனர். மாறியவர்களிலும் பாதிப் பேரே பட்டம் முடித்திருந்தனர். ஆக மொத்தம் நூற்றுக்கு 16 பேர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் இந்தத் தொகை இன்னும் கீழே போகின்றது.

இந்தத் தொகைகளுக்குள் என்ன இருக்கின்றது என்று அறிய ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். கலிபோர்ணியாவின் நடுப் பள்ளத்தாக்கில் பிரெஸ்னோப் பக்கம் இருக்கின்றாள். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த இடம். ஆவணி, புரட்டாதியில் குலைகளை வெட்டிக் கடதாசித் தட்டுகளில் பரப்பி, வரிசைகளுக்கிடையே வெயிலில் காயவிட்டு, உலர்ந்த திராட்சையாக எடுப்பார்கள். தாயும் தகப்பனும் மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். அறுவடையும் கல்லூரித் தொடக்கமும் ஒரே காலத்தில் வருவதால் முதல் வாரமே அவள் இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

இவள் பத்து வருடங்களுக்கு முன்னர் சேர்ந்திருந்தால், முதல் நாளே ஒரு கணிதச் சோதனை வைத்து, பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படைக் கணித வகுப்பில் இருத்தியிருப்பார்கள். அதற்குக் கீழே இன்னொரு வகுப்பு, அதற்கும் கீழே இன்னொன்று என்று படிகள் இருந்தன. பலர் அந்தப் படிகளிலேயே களைத்து வீட்டுக்குப் போனார்கள். 2017 இல் நிறைவேறிய சட்டமொன்று இந்த வழக்கத்தைப் பெருமளவு கட்டுப்படுத்தியது. உயர் பாடசாலையில் பெற்ற புள்ளிகளைக் கருத்திற்கொண்டு, நேரடியாகவே கணக்கில் வரும் வகுப்பில் மாணவரைச் சேர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சட்டத்தால் இவ்வளவு பிள்ளைகளின் காலம் மிச்சப்படும் என்றால், முன்னர் வீணானதற்கு யார் பொறுப்பு என்று கேட்கத் தோன்றுகின்றது.

சரி, அவள் 60 அலகுகளையும் முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வருகின்றது. குடும்பமே மகிழ்கின்றது. ஆனால் அவள் விரும்பிய உயிரியல் பட்டத்துக்கு அந்த 60 இல் ஒரு பகுதியே பொருந்துகின்றது. மற்றவை "பொதுவான அலகுகள்" என்று ஓரத்தில் வைக்கப்படுகின்றன. களஞ்சியத்தில் நெல்லைப் பாரமெடுத்துவிட்டு, விதைநெல்லுக்கு உதவாது என்று சொல்வது போன்றது இது. நெல் குறையவில்லை, விதைப்புத்தான் நின்றுவிட்டது. அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரையான காலத்தில் கல்விநிலையம் மாறிய மாணவர்கள் சராசரியாக நூற்றுக்கு 43 வீதமான அலகுகளை இழந்ததாக மதிப்பிட்டது. எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்த கணக்கு இது.

இழந்த பாடத்தைத் திரும்பப் படிப்பது வெறும் அலுப்பு மட்டுமல்ல. வறிய மாணவருக்கு மத்திய அரசு வழங்கும் பெல் உதவித்தொகை, 2012 முதல் வாழ்நாளில் 12 முழுத் தவணைகளுக்கு மட்டுமே. ஒரே பாடத்தை இரண்டு தரம் படிப்பவளுக்கு அந்தத் தவணைகளும் கரைகின்றன. கடைசி வருடத்தில், இன்னும் நாலைந்து பாடங்கள் இருக்கும்போது, பணம் முடிந்துவிடுகின்றது. இப்படி நின்றுபோன பிள்ளையைத்தான் நாம் "இடைவிலகியவள்" என்று பதிவேட்டில் எழுதுகின்றோம்.

இனி அந்த வாட்டத்துக்கு வருவோம். மாறிவந்த மாணவரின் புள்ளிகள் முதல் தவணையில் சரிவதை ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965 இலேயே எடுத்துக்காட்டி, அதற்கு "மாற்ற அதிர்ச்சி" எனப் பொருள்படும் பெயரையும் வைத்தார். பெரும்பாலானோர் பின்னர் மீண்டுவிடுகின்றனர். போட்டி கடுமையான பல்கலைக்கழகங்களைப் பற்றி 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று, சமூகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் பாடசாலையிலிருந்து நேரே வந்தவர்களுக்குக் குறையாத அளவில் பட்டம் முடிப்பதைக் கண்டது. ஆகவே கன்றில் பழுதில்லை.

கைகொடுத்த முயற்சிகளுள் நாம் முதலில் சொல்ல விரும்புவது நியூயோர்க் மாநகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தனது சமூகக் கல்லூரிகளில் தொடங்கிய ஏசாப் என்ற திட்டம். அதில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. முழுநேரமாகப் படிக்கவேண்டும், ஆலோசகரை ஒழுங்காகச் சந்திக்கவேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் குறையும் தொகையைக் கல்லூரி பொறுக்கும்; பாடநூலுக்கு உதவும்; மாதாந்தப் போக்குவரத்துச் சீட்டும் கொடுக்கும். அந்தப் போக்குவரத்துச் சீட்டைச் சின்னக் காரியம் என்று எண்ணவேண்டாம். பஸ் காசு இல்லாமல் வகுப்புக்குப் போகாத பிள்ளைகளை நாமும் அறிவோம். ஆரம்பத்தில் அங்கு ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். மற்ற மாணவருக்கோ ஓர் ஆலோசகருக்கு 600 பேருக்கும் மேல். திட்டத்தில் சேரும் வாய்ப்பைக் குலுக்கல் முறையில் வழங்கி, மூன்று வருடங்களின் பின் ஒப்பிட்டபோது, சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 40 பேரும் சேராதவர்களுள் 22 பேரும் இரண்டு வருடப் பட்டத்தை முடித்திருந்தனர். ஒரு மாணவருக்கான செலவு ஏறத்தாழ 60 வீதம் கூடியது உண்மை. ஆனால் பட்டம் பெற்றவர்களின் தொகையால் வகுத்துப் பார்த்தபோது செலவு குறைந்திருந்தது. பின்னர் ஒகையோ மாநிலத்திலும் இதேபோன்ற பயன் கிடைத்தது. அது இரண்டு வருடப் பட்டத்துக்கான திட்டமே. ஆகையால் 2015 முதல் நான்கு வருடப் பட்டத்துக்கும் இதே முறையை நியூயோர்க்கில் தொடங்கினார்கள்.

வேர்ஜீனியா மாநிலத்தில் வடவேர்ஜீனியாச் சமூகக் கல்லூரியும் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் 2018 இல் வேறொரு வழியை எடுத்தன. மாணவர் இரண்டாம் வருட முடிவில் பல்கலைக்கழகக் கதவைத் தட்டும்வரை காத்திருப்பதில்லை. கல்லூரியில் படிக்கும்போதே இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அவரைப் பொறுப்பேற்கின்றன. இறுதிவரை எந்தப் பாடம், எந்த ஒழுங்கில் என்று எழுதிய பாதை கையில் கிடைக்கின்றது. வழிகாட்டி ஒருவர் கூடவே வருகின்றார். எமது அபிப்பிராயத்தில் பயனுள்ள வழி இதுவே. ஏனெனில் இங்கே வரவேற்கும் பக்கமும் பொறுப்பை ஏற்கின்றது. அனுப்பும் கல்லூரி மட்டும் பாடுபட்டால், ஒரு கரையிலிருந்து மட்டும் கட்டிய பாலமாகவே அது முடியும்.

விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு திட்டமும் உண்டு. பயிர்க்காலத்துக்கு ஏற்ப ஊர் ஊராகச் சென்று உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி முதல் வருடத்தில் துணைநிற்க 1972 இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. உதவித்தொகை, மேலதிக வகுப்பு, ஆலோசனை எல்லாம் முதல் வருடத்திலேயே கிடைக்கும். 2025 இல் ஜனாதிபதியின் வரவுசெலவு முன்மொழிவு இதற்கான பணத்தை நிறுத்தும்படி கேட்டது. எளியவரின் திட்டங்களுக்கு எந்த நாட்டிலும் ஆயுள் உறுதியில்லை போலும்.

எமது நாட்டிலும் இக்கேள்வி தெருவுக்கு வந்ததை நீங்கள் அறிவீர்கள். 2015 ஒக்டோபரில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர்கள் கொழும்பில் தமது தகைமைக்குப் பட்டச் சமநிலை கேட்டு ஊர்வலம் போனபோது பொலிசார் அவர்களைத் தாக்கினர். படித்த படிப்புக்கு மறுபக்கத்தில் என்ன மதிப்பு என்பதுதான் அங்கும் கேள்வி.

கலிபோர்ணியாவுக்கே திரும்புவோம். 2010 இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. குறித்த 60 அலகுகளைக் கொண்ட "மாற்றுப் பட்டத்தை" முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதியில் மூன்றாம் வருட இடம் நிச்சயம். அதன்பின் 60 அலகுகளுக்கு மேல் கேட்கவும் கூடாது. எனினும் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே பாடம் வெவ்வேறு இலக்கத்தோடும் பெயரோடும் இருந்தது. புளோரிடா மாநிலம் 1970களிலேயே பொது இலக்கத்தை ஏற்படுத்திவிட்டது. கலிபோர்ணியாவில் அதற்கான சட்டம் 2021 இல்தான் வந்தது. 2025 இலையுதிர் காலத்தில் முதற் தொகுதியாக ஆறு பாடங்களுக்குப் பொது இலக்கம் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம் இரண்டு, பொதுப்பேச்சு, புள்ளிவிபரவியல், உளவியல், அரசியல் அறிவியல். திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை விரும்பிய உயிரியல் அந்த ஆறில் இல்லை.