எக்செல்லில் ஓடும் நெல்லையப்பர் தேர்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டு, கேம் விளையாடி, படமும் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன? எக்செல்லைத் திறந்து ஒரு தேரை ஓட்டிப் பார்க்கலாம். எக்செல் இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது திருநெல்வேலி டவுண் நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேர். எடை சுமார் 450 டன் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ரத வீதிகளில் இதை மக்களே வடம் பிடித்து இழுக்கிறார்கள். 2024 ஜூன் 21 அன்று நடந்த தேரோட்டத்தில் அடுத்தடுத்து வடங்கள் அறுந்து தேர் நின்றுபோனது. ஒரு வடத்தின் மீது எவ்வளவு விசை விழும்? கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒர்க் ஷீட் தயாரித்தல்

ஏ காலத்தில் பெயர்களையும், பி காலத்தில் எண்களையும் டைப் செய்யுங்கள்.

பி1: தேரின் நிறை, கிலோவில் – 450000
பி2: புவியீர்ப்பு முடுக்கம் – 9.8
பி3: தடை விகிதம் – 0.05
பி4: ஒருவர் இழுக்கும் விசை, நியூட்டனில் – 200
பி5: =பி1*பி2*பி3
பி6: =பி5/பி4

செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும். முன்னால் சமக்குறி இருந்தால்தான் அது ஃபார்முலா. பி3, பி4 இரண்டும் நாம் வைத்துக்கொண்ட உத்தேச எண்கள். பிறகு மாற்றிப் பார்க்கலாம்.

என்டர் தட்டியதும் பி5-ல் 220500 நியூட்டன், பி6-ல் 1102.5 என்று விடை வரும். அதாவது தேரை அசைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது.

நகர்ந்த பிறகு எளிது

நின்ற பொருளை அசைக்கத்தான் அதிக விசை தேவை. உருளத் தொடங்கியதும் தடை குறைந்துவிடும். பி3-ல் 0.02 என்று மாற்றுங்கள். விசை 88200 நியூட்டனாகவும், ஆட்கள் 441 ஆகவும் குறைவதைக் காணலாம். வழியில் அடிக்கடி நின்றால் ஏன் சிரமம் என்பது இப்போது புரியும்.

இந்த முதல் அசைவுக்கு உதவத்தான் சக்கரத்தின் பின்னால் தடி போடுகிறார்கள். தடி ஒரு நெம்புகோல். தாங்குகட்டைக்கு ஒரு பக்கம் 30 செ.மீ., மறுபக்கம் 270 செ.மீ. என்றால் விசை 9 மடங்காகும். ஆனால் ஆற்றல் கூடாது. சக்கரப் பக்கம் 1 செ.மீ. உயர, கைப்பக்கம் 9 செ.மீ. இறங்க வேண்டும்.

வடம் அறுந்தால்?

பி3-ஐ மறுபடி 0.05 ஆக்குங்கள். நான்கு வடங்கள் என வைத்துக்கொண்டு பி7-ல் =பி5/4 என்று டைப் செய்தால் ஒரு வடத்துக்கு 55125 நியூட்டன். இது சுமார் ஐந்தரை டன் எடையைத் தொங்கவிடுவது போன்றது. ஒன்று அறுந்தும், மிஞ்சிய மூன்றில் அதே விசையோடு இழுத்தால்? 4-க்குப் பதில் 3 போடுங்கள்: 73500. ஒவ்வொரு வடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு பாரம் கூடிவிட்டது! சுண்டி இழுத்தால் அந்த நொடியில் இதைவிடவும் கூடும். எனவே ஒன்று அறுந்ததும் மற்றவற்றை அப்படியே இழுக்கக் கூடாது.

ஆற்றல் எங்கே போகிறது?

விசையைத் தூரத்தால் பெருக்கினால் செய்த வேலை கிடைக்கும். 88200 நியூட்டன் விசையில் தேரை 1 கிலோமீட்டர் இழுத்தால் 8 கோடியே 82 லட்சம் ஜூல். நம் வீட்டு மின்சார மீட்டர் கணக்கில் 24.5 யூனிட். 200 வாட் எடுக்கும் கம்ப்யூட்டரை 122 மணி நேரம் ஓட்டலாம். தேர் இழுப்பில் இது பெரும்பாலும் சக்கரத்திலும் அச்சிலும் சாலையிலும் வெப்பமாகிப் போய்விடுகிறது.

மீதி, இயக்க ஆற்றலாகத் தேரிலேயே இருக்கிறது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 56250 ஜூல். 1000 கிலோ கார் 38 கி.மீ. வேகத்தில் போவதற்குச் சமம்! சமதளத்தில் எல்லோரும் வடத்தை விட்டுவிட்டாலும், தடை விகிதம் 0.02 என்றால், தேர் சுமார் 64 செ.மீ. உருண்ட பிறகே நிற்கும். சாலை 100 மீட்டருக்கு 2 மீட்டர் சரிந்திருந்தால், சரிவின் இழுப்பும் தடையும் சமமாகி, தேர் தானாக நிற்கவே நிற்காது. அதற்காகத்தான் சக்கரத்தடியில் கட்டை போடுகிறார்கள். திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்தியிருக்கிறார்கள்.

மெதுவாகத்தானே வருகிறது என்று குழந்தைகளைச் சக்கரத்தின் அருகே விடாதீர்கள். ஆபத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமல்ல, நிறையும்தான்.

ஒர்க் ஷீட்டை 'தேர்' என்ற பெயரில் சேவ் செய்யுங்கள். பி1-ல் உங்கள் ஊர்த் தேரின் எடையைப் போட்டு, எத்தனை பேர் வேண்டும் என்று பாருங்கள்.