குடல்வரை உயிரோடு

ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்கிய சில நாட்களில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்வது பல வீடுகளில் பார்ப்பதுதான். நோய்க்கிருமிகளோடு சேர்த்து, குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் மருந்து அழித்துவிடுகிறது. குடலின் சமநிலையை மீட்க மருத்துவர்கள் புரோபயாட்டிக் எழுதித் தருகிறார்கள். அதில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். அவை உயிரோடு குடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பலன்.

வழியில் இரண்டு கண்டங்கள்

வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். ஏறக்குறைய 1.5 முதல் 3.5 வரை இருக்கும். அந்த அமிலத்தில் லாக்டோபேசில்லஸ் வகைகளே திணறும். பைஃபிடோபாக்டீரியம் வகைகளில் பல இன்னும் நொய்ந்தவை. தப்பிப் பிழைப்பவற்றைச் சிறுகுடலில் பித்த உப்புகள் தாக்குகின்றன. இவற்றிலிருந்து காக்கத்தான் நுண்ணுயிரிகளுக்கு உறை போடுகிறார்கள்.

உறை போடும் விதம்

பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் அல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாக்களைக் கலந்து, கால்சியம் குளோரைடு கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். விழுந்ததுமே ஒவ்வொரு சொட்டும் வெந்த ஜவ்வரிசி போல மணியாகத் திரள்கிறது. பாக்டீரியாக்கள் உள்ளே அடைபடுகின்றன. அமிலத்தில் இந்த மணி சுருங்கி இறுகும். குடலில் அமிலத்தன்மை குறைந்ததும் ஊதி, நெகிழ்ந்து, உள்ளிருப்பவற்றை வெளியே விடும். மணியில் நுண்துளைகள் உண்டு என்பதால், இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை மேலே பூசுவதும் உண்டு. ராமநாதபுரம் கடலோரத்தில் மீனவப் பெண்கள் சேகரிக்கும் சர்காசம் பாசியும் அல்ஜினேட்டுக்கு மூலப்பொருள்தான் என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி.

எல்லாவற்றுக்கும் உறை வேண்டியதில்லை. சிறு பிளாஸ்டிக் குப்பியில் வரும் பேசில்லஸ் கிளாசி பாக்டீரியா, ஸ்போர் எனும் கெட்டியான உறக்கநிலையில் இருப்பதால் அமிலத்தைத் தாங்கும். சாக்கரோமைசிஸ் பௌலார்டிக்கு வேறொரு வசதி: அது ஒரு ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

உறை மட்டும் போதாது

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த நுண்ணுயிரி அந்த நோய்க்கு உரியதாகவும் இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் பௌலார்டிக்கும், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. ரகத்துக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் ஐ.பி.எஸ். எனும் குடல் எரிச்சல் நோய், கிரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோய் போன்றவற்றில் மருத்துவ ஆய்வுகளுக்கு வெளியே புரோபயாட்டிக்கைப் பயன்படுத்த, அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ‘எல்லா வயிற்றுக் கோளாறுக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

வாங்கும்போதும் சாப்பிடும்போதும்

அட்டையில் ரகத்தின் முழுப் பெயர் இருக்கிறதா, உயிருள்ள நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை காலாவதி நாள்வரை உறுதியளிக்கப்பட்டதா என்று பாருங்கள். தயாரித்த அன்றைய எண்ணிக்கை நம் ஊர் வெயிலில் அப்படியே நிற்காது. அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். சூடான பாலில் கலக்காதீர்கள். அமிலம் தாங்கும் உறை போட்ட கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினால் உறை போட்டதே வீண். பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது; அரிதாக இந்த நுண்ணுயிரிகளே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது என்றிருந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.