வளைவுக்கு அப்பால் காட்டுமாடு நிற்கலாம்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்திலேயே ஓரிரு அறை கட்டி விருந்தினரைத் தங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒருவர் என்றால், உங்கள் தோட்டத்து ஒற்றையடிப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். விருந்தினர் நடக்கும் அதே வழியில்தான் பழம் பறிக்க ஆட்கள் போகிறார்கள். காட்டெருமை என்று நாம் சொல்லும் காட்டுமாடும் அந்த வழியில்தான் வருகிறது. வளர்ந்த கிடா 800 கிலோவைத் தாண்டும். பத்தடி தூரத்தில் திடீரென்று எதிர்ப்பட்டால், மனிதரும் மிரள்வார், மாடும் மிரளும். இருவரும் ஒருவரையொருவர் தூரத்திலேயே பார்க்கும்படி பாதையை வைத்திருந்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

புதரை நீக்குங்கள்

பாதையோரம் பார்வையை மறைப்பது பெரும்பாலும் உண்ணிச்செடிதான். தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே தாய்வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகப் போட்டுக் காயவிடுங்கள். காய் பழுக்கும் முன்பே இதைச் செய்தால் விதை பரவாது. வளைவுகளில் இரு பக்கமும் கூடுதல் அகலத்துக்கு நீக்குங்கள். நிழல் மரங்களைத் தொட வேண்டாம்.

மழைக்கு முன் வடிகால்

சரிவில் போகும் பாதை மழையில் ஓடையாகி, மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், கல்லையோ கட்டையையோ பாதையின் குறுக்கே சாய்வாகப் பாதி புதைத்து, தண்ணீரை ஓரத்துக்குத் திருப்புங்கள். செங்குத்தான இடத்தில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்று வேண்டும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் அடைத்த மண்ணை வாரிவிடுங்கள்.

வாசனை அழைக்கும்

பழுத்த பலா யானையையும் கரடியையும் கூப்பிடும். பாதையோர மரங்களில் பலாவைக் காயாகவே இறக்கிவிடுங்கள். சமையல் கழிவை மூடிய குழியில் போடுங்கள். படம் எடுப்பதற்காக விலங்குக்குத் தீனி வைக்க யாரையும் விடாதீர்கள். தீனிக்குப் பழகிய விலங்கு நாளைக்கு உங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கூடையைத் தேடி வரும்.

எதிரே வந்தால்

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகே நடை தொடங்கட்டும்; மாலை 5 மணிக்குள் திரும்பிவிடட்டும். பாதை தெரிந்த தோட்டத்து ஆள் ஒருவர் முன்னால் போக வேண்டும். ஈரம் காயாத சாணம், லத்தி, புதிதாக ஒடிந்த கிளை கண்டால் அன்று அந்த வழி வேண்டாம். காட்டுமாட்டுக்கு 50 மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். அது பக்கவாட்டில் திரும்பி உடலைக் காட்டினாலும், தலையைத் தாழ்த்திச் சீறினாலும் அது எச்சரிக்கை. கத்தாமல், கல்லெறியாமல், மெல்லப் பின்வாங்குங்கள். அது போக ஒரு வழி திறந்திருக்க வேண்டும். இருபுறமும் ஆட்கள் நின்று மறிக்கக் கூடாது.

சருகில் பாம்பு இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ் போடச் சொல்லுங்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் எல்லையோடு பாதை முடியட்டும். அதற்கு அப்பால் காப்புக்காடு. 2018-இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை மறக்க முடியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் விருந்தினரை உள்ளே அழைத்துப் போகாதீர்கள். வனச்சரக அலுவலகத்தின் எண்ணை அறைச் சுவரிலும், பழம் காயப்போடும் களத்திலும் எழுதி வையுங்கள்.