மருந்து புதுசு, கணக்கு பழசு

அமெரிக்காவில் டைப் 1 சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் புத்தாண்டு மருந்துக்கடை கவுன்ட்டரில்தான் விடிகிறது. வழக்கமான ஹியூமலாக் இன்சுலின் குப்பியைக் கேட்டால், "இந்த வருஷம் உங்கள் இன்ஷூரன்ஸ் நோவோலாக்குக்குத்தான் பணம் கட்டும்" என்பார்கள். வேறொருவருக்கு இதுவே தலைகீழாக நடக்கும். டாக்டர் மாற்றச் சொல்லவில்லை, உடம்பும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மருந்துப் பட்டியல் போட்டுத்தரும் இடைத்தரகர்களிடம் யார் கூடுதல் தள்ளுபடி தந்தார்களோ, அவர்களுடைய மருந்து பட்டியலில் ஏறியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

அப்போது சொல்லப்படும் சமாதானம், யூனிட்டுக்கு யூனிட் சமம் என்பது. பத்து யூனிட் போட்டவர் பத்தே போடலாம். பொய்யில்லை. ஹியூமலாக்கில் இருப்பது 1996-ல் வந்த லிஸ்ப்ரோ. நோவோலாக்கில், அதாவது நம் ஊர் நோவோராபிட்டில் இருப்பது அஸ்பார்ட். மனித இன்சுலினின் பி சங்கிலியில் 28-ஆவது இடத்தில் இருக்கும் புரோலினைப் பக்கத்து லைசினோடு இடம் மாற்றினால் லிஸ்ப்ரோ. அந்தப் புரோலினை எடுத்துவிட்டு அஸ்பார்டிக் அமிலத்தை வைத்தால் அஸ்பார்ட். ஆறாறாக ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் தோலுக்கடியில் சீக்கிரம் பிரிந்து ரத்தத்தில் சேர வேண்டும், அதற்காகத்தான் இரண்டு வேலையும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பலரும் சிரமமில்லாமல் மாறிவிடுகிறார்கள். சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பம்ப் வழியாக இன்சுலின் ஏற்றுகிறவர்களுக்கு, கேனுலா (தோலுக்குள் செல்லும் மெல்லிய குழாய்) செருகிய இடம் சிவக்கிறது, மூன்றாம் நாள் சர்க்கரை காரணமில்லாமல் ஏறுகிறது. "இரண்டும் ஒன்றுதானே" என்று அவர்கள் வாயை அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் பெரிதாவது அதிவேக ரகங்களுக்கு மாறும்போது. ஃபியாஸ்ப் என்பது அதே அஸ்பார்ட்தான். உடம்பு அதை வேகமாக உறிஞ்சிக்கொள்ள நியாசினமைடு என்ற பி3 வைட்டமினைச் சேர்த்திருக்கிறார்கள். லியும்ஜெவ் அதே லிஸ்ப்ரோ. அதில் உள்ள ட்ரெப்ரோஸ்டினில், மருந்து இறங்கும் இடத்து ரத்தக் குழாய்களை விரிக்கிறது, சிட்ரேட் அவற்றின் சுவரைத் தாண்ட வழிவிடுகிறது. அமெரிக்காவில் ஃபியாஸ்பைப் பம்பில் பயன்படுத்த 2019-லும் லியும்ஜெவுக்கு 2021-லும் அனுமதி கிடைத்தது.

இங்கேயும் யூனிட் மாறவில்லை, மருந்து வேலை செய்யும் நேரம்தான் மாறுகிறது. பம்ப் மாட்டியிருப்பவருக்கு அந்த நேரம் மெஷினுக்குள்ளும் பதிந்திருக்கிறது. போன போலஸில் (ஒரே தடவையாகப் போடும் டோஸில்) இன்னும் எவ்வளவு உடம்பில் மிச்சமிருக்கிறது என்று பம்ப் ஓயாமல் கணக்குப் போடுகிறது. பகல் ஒரு மணிக்கு சாப்பாட்டுக்கு ஆறு யூனிட் போட்டீர்கள், மூன்று மணிக்கு சர்க்கரை 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் மூன்று யூனிட் வேலை செய்யவிருக்கிறது, பொறு' என்று பம்ப் கையைக் கட்டிக்கொள்ளும். புது மருந்தில் மிச்சம் அதைவிடக் குறைவு. பம்புக்கு அது தெரியாது; ஏறிய சர்க்கரை ஏறினபடி நிற்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. இருபது நிமிஷம் முன்னாலேயே போலஸ் போட்டுவிட்டு சாப்பிட உட்கார்ந்து பழகியவர், அதே பழக்கத்தில் ஃபியாஸ்பைப் போட்டால், இலையில் சோறு விழுவதற்குள் கை நடுங்க ஆரம்பிக்கலாம்.

அப்படியானால் பம்பில் அந்த நேரத்தை வெட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். தாங்களே மென்பொருள் எழுதித் தானியங்கிப் பம்ப் செய்துகொண்ட நோயாளிகள் இதை நுட்பமாகப் பிடித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான டேனா லூயிஸ் 2015-ல் பொதுவில் வைத்த ஓப்பன்ஏபிஎஸ் முறையில், சாதாரண வேக இன்சுலினின் உச்சம் 75-ஆம் நிமிஷம் என்றும், அதிவேக ரகத்துக்கு 55 என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். உச்சம் முன்னால் நகர்கிறது, ஆனால் மொத்த நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்க அந்த மென்பொருள் விடுவதில்லை. மருந்து சீக்கிரம் வேலையைத் தொடங்குகிறது என்பதற்காக, உச்சத்துக்குப் பிறகு மெல்லத் தேயும் அதன் வாலும் அதே அளவுக்குக் குட்டையாகிவிடாது. வாலை மறந்து டோஸுக்கு மேல் டோஸ் அடுக்கினால் நடுராத்திரியில் சர்க்கரை 'லோ' ஆகும். கடையில் கிடைக்கும் பம்புகளில் சிலவற்றில் இந்த நேரத்தை நாமே திருத்தலாம். டேண்டம் கம்பெனியின் கன்ட்ரோல்-ஐக்யூ போன்றவற்றில் ஐந்து மணி நேரம் என்று பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

வேகம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. பம்பில் ஃபியாஸ்பையும் பழைய அஸ்பார்ட்டையும் 16 வாரம் ஒப்பிட்ட ஆன்செட் 5 ஆய்வில், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துச் சர்க்கரை ஃபியாஸ்ப் போட்டவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யில் அது பழைய மருந்தை முந்தவில்லை.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை பம்புக்காரர்களுக்குப் புதிதல்ல. 1978-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர் பம்ப் முறையைப் பற்றி எழுதியபோது உள்ளே இருந்தது மெதுவான சாதா இன்சுலின். டியூப் கழன்றாலும் தோலுக்கடியில் தேங்கியது கொஞ்ச நேரம் தாங்கும். லிஸ்ப்ரோ வந்த பிறகு அந்தத் தாங்கல் சுருங்கியது. பம்ப் நின்றால், இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் முன்னதாகவே ஏறத் தொடங்கும். பம்பில் நீண்டநேர இன்சுலின் கிடையாது என்பதால் பின்னால் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை. வேகமான மருந்துக்கு மாறுகிறவர் வீட்டில் கீட்டோன் பட்டையும் ஒரு சிரிஞ்சும் இருப்பது கட்டாயம் என்பேன்.

மாறும் நாளில் பம்புக்குள் மருந்து இருக்கும் ரிசர்வாயரை மட்டும் மாற்றினால் போதாது. டியூப் முழுக்கப் பழைய மருந்து நிற்கும். அதையும் கேனுலாவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டு மருந்தை ஒரே ரிசர்வாயரில் கலக்கவே கூடாது. மருந்து பம்புக்குள் எத்தனை நாள் தாங்கும் என்பதும் ஆளுக்கு ஆள் அல்ல, மருந்துக்கு மருந்து வேறு: அபிட்ரா என்ற இன்னொரு வேக இன்சுலினை 48 மணி நேரத்தில் மாற்றிவிடச் சொல்கிறது அதன் குறிப்பேடு. பம்பின் அளவுகளை எப்படித் திருத்துவது என்பதை டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். மாறிய பின் சில நாளாவது சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். டாக்டரை போனில் பிடிக்கக்கூடிய ஒரு வார நாளின் காலையில் மாற்றுவது உத்தமம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. இங்கே மருந்துக்கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பல, மில்லிக்கு 40 யூனிட் கணக்கு. பம்ப் தெரிந்து வைத்திருப்பதோ 100 யூனிட் கணக்கு. அவசரத்தில் 40-ஐ எடுத்து நிரப்பினால், திரையில் 10 யூனிட் என்று தெரியும், உள்ளே போவது 4. இந்தியாவில் இந்த 40 ஏன் இன்னும் இருக்கிறது என்பது தனிக் கதை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.