சேர்க்கைப் பதிவேடும் தரவுத்தளமும்

தரவுத்தளம் என்றதும் தயங்கத் தேவையில்லை. நம் சேர்க்கைப் பதிவேடே ஓர் அட்டவணைதான். எங்கள் தோவாளைப் பக்கத்துப் பள்ளியில் ஒரே வகுப்பில் இரண்டு அஜின்கள். (குமரி மாவட்டத்தில் அஜின் இல்லாத வகுப்பு ஏது?) பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒருவனுக்குரிய உதவித்தொகை மற்றவன் கணக்கில் சேர்ந்துவிடலாம். இதைத் தடுப்பதே முதன்மைத் திறவுகோல்: ஒருவருக்கு ஒன்று, மாறாதது. எமிஸ் எண் செய்யும் வேலை இதுதான். மாணவர் பள்ளி மாறினாலும் எண் கூடவே செல்லும்.

இந்த உறவுசார் அமைப்பை 1970-இல் எட்கர் காட் முன்வைத்தார். 1995-இல் வந்த மைஎஸ்க்யூஎல் இலவசமாகவே கிடைக்கிறது. நான் கற்றது து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ மின்னூலில்.

வாசிப்பு மட்டும் போதவில்லை. கற்ற ஒவ்வொரு கட்டளையையும் பதிவேட்டு உதாரணத்துடன் அரைப்பக்கம் எழுதி, குறுவளமையக் கூட்டத்தில் கொடுத்து வருகிறேன். எழுத உட்காரும்போதுதான் புரியாத இடம் அகப்படுகிறது. காப்புநகல் பற்றிய தாளைப் படித்த ஆசிரியை ஒருவர், “சார், அந்த நகல் திறக்குமான்னு எப்படித் தெரியும்?” என்றார். நல்ல கேள்வி. வேறு கணினியில் மீட்டெடுத்து, வரிசைகளை எண்ணிப் பார்க்கும் முறையை அடுத்த தாளில் எழுதினேன்.

பயிற்சிக்கு மாணவர்களின் உண்மை விவரங்கள் வேண்டாம். கற்பனைப் பெயர்கள் இருபது போதும்.